இரண்டு நிமிடத் தாமதத்துக்கு அரைமணி நேர வெட்டு: சத்தியவேடு பக்கத்து ஆலை ஒன்றின் நேரக்கணக்கு

தமிழ்நாடு-ஆந்திர எல்லையோரத்து ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, நாகலாபுரம் வட்டாரத்துத் தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தருவதும் சட்ட உதவிக்கு வழிகாட்டுவதும் என் வேலை. 2023 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை நடந்த ஒரு விவகாரத்தை, அதில் ஈடுபட்ட தொழிலாளர்களின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். இதே வெட்டு பல ஆலைகளில் நடக்கிறது. இங்கே எந்த வரிசையில் வேலை செய்தோம் என்பது மற்றவர்களுக்குப் பயன்படலாம்.

பின்னணி

சத்தியவேடு 1960 வரை சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இன்றும் அங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ், அரசாங்கக் காகிதம் தெலுங்கு. எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் கான்ட்ராக்ட்.

நாம் பேசும் ஆலை மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் ஆலை. முதல் ஷிப்ட் காலை 6.00 முதல் மதியம் 2.30 வரை. இடையில் அரைமணி சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேர வேலை, வாரம் 6 நாள், மொத்தம் 48 மணி. ஒரு லைனில் (பாகங்களைப் பொருத்தும் வரிசையில்) 60 பேர் வரை நிற்பார்கள். சம்பளம் மணிக்கணக்கில் போட்டு, நாள்கணக்கில் மாற்றிக் கொடுக்கப்படும். சம்பளச் சீட்டில் 'நாட்கள்' என்ற ஒரே எண்தான் இருக்கும். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பது எங்கேயும் இருக்காது.

வருகைப் பதிவு விரல்ரேகை இயந்திரத்தில். அது வாசலில் இல்லை. வாசலில் செல்போனை ஒப்படைத்து, உள்ளே போய்க் கோட்டு, தலையுறை, செருப்பு மாற்றிக்கொண்ட பிறகு லைனுக்குப் போகும் வழியில் இருந்தது. மூன்று பஸ் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் உடை மாற்றும் அறையிலேயே வரிசை நிற்கும்.

எப்படித் தெரிய வந்தது

நவம்பர் மாதம் 26 வேலை நாள். லைனில் மூத்தவரான ஒரு அக்கா (வயது நாற்பதை ஒட்டி, முன்பு கார்மென்ட்ஸில் இருந்தவர்) ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. சீட்டில் 25.5 என்று இருந்தது. அரை நாள் எங்கே போனது என்று கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளரைக் கேட்டார். "லேட்டா வந்ததுக்கு சிஸ்டம் கட் பண்ணியிருக்கும்மா" என்று பதில் வந்தது.

அந்த மாதம் வடகிழக்குப் பருவமழை. பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆரணி ஆற்றின் தரைப்பாலங்களில் தண்ணீர் ஏறும். பஸ் சுற்றுவழியில் போகும். அந்த நாட்களில் அவர் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் தாமதமாக விரல் வைத்தது உண்மை. தாமதப்பட்டது கம்பெனி அனுப்பிய பஸ். அதைவிட முக்கியமானது வெட்டின் அளவு. 6.02க்கு விரல் வைத்தால் 6.30 என்று கணக்கு. எட்டு நாள் அப்படி விழுந்து நான்கு மணி நேரம், அதாவது அரை நாள், போய்விட்டது.

அக்கா என்னிடம் கொண்டுவந்தது அந்த அரை நாளைத்தான். பேசப் பேச வேறொன்று வெளியே வந்தது. காலை 5.50க்கே லைனில் நிற்க வேண்டும். லைன் லீடர் பத்து நிமிடம் முந்தைய நாள் குறைகளைச் சொல்லி, அன்றைய இலக்கைச் சொல்வார். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார். மதியம் 2.30க்கு மணி அடித்த பிறகும் அடுத்த ஷிப்டிடம் எண்ணிக்கை ஒப்படைத்து, மேசை துடைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதற்குக் கால் மணி நேரம். இந்த இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) 3.00 மணி தாண்டினால்தான் தொடங்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 2.58க்கு விரல் வைத்தால் அந்த 28 நிமிடமும் கணக்கில் வராது.

காலை 10 நிமிடம், மதியம் 15 நிமிடம். ஒரு நாளைக்கு 25 நிமிடம் என்றால் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். 26 நாளுக்கு அது 650 நிமிடம், கிட்டத்தட்ட 11 மணி நேரம். மாதத்துக்கு ஒரு நாளும் மூன்று மணி நேரமும் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்கள். அந்த அரை நாள் வெட்டை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

சட்டம் சொன்னது

அப்போது நடைமுறையில் இருந்த சட்டங்களில் இரண்டு இடங்கள் இந்த விவகாரத்தின் அச்சாணி.

ஒன்று, 1936ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9(2) பிரிவு. வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம். ஆனால் வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. கணக்குக்கு எளிதாக மணிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஒரு ரூபாய் 67 காசுதான் பிடிக்கலாம். பிடித்தது 25 ரூபாய். தாமதத்துக்குத் தண்டனை வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தால் அபராதத்துக்கு அதே சட்டத்தில் தனி நடைமுறை உண்டு: முன்னரே அறிவித்த பட்டியல், விளக்கம் சொல்ல வாய்ப்பு, உச்சவரம்பு. அந்த வழியில் போகாமல் நேரக்கணக்கில் மறைத்துப் பிடித்ததுதான் இங்கே நடந்தது.

இரண்டாவது, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. இதில் பலரும் பாதியை மட்டும் படிக்கிறார்கள். ஒரு நாளில் 9 மணி நேரம் தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே எட்டே கால், எட்டரை மணிதான் ஆகிறது, ஒன்பது தாண்டவில்லை, ஆகவே ஓ.டி. இல்லை என்று மேற்பார்வையாளரும் சொன்னார், தொழிலாளர்களும் நம்பினார்கள். அதே பிரிவு வாரத்துக்கு 48 மணி தாண்டினாலும் இரட்டைச் சம்பளம் என்கிறது. இந்த ஆலையில் ஷிப்டே சரியாக 48 மணி. ஆகவே ஆறு நாளும் வந்தவருக்கு, அதற்கு மேல் உழைத்த ஒவ்வொரு நிமிடமும் இரட்டைச் சம்பளத்துக்கு உரியது. அதே 50 ரூபாய்க் கணக்கில், 650 நிமிடத்துக்கு 541 ரூபாய் என்று இருந்தது 1,083 ரூபாய் ஆனது. 60 பேர் கொண்ட ஒரு லைனுக்கு மாதம் 65,000 ரூபாய்.

நேரத்தைக் கால்மணி, அரைமணி என்று முழுமைப்படுத்தும் (ரவுண்டு செய்யும்) பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கால் மணி வரை முழுமைப்படுத்த விதி இடம் தருகிறது. ஆனால் நாளடைவில் தொழிலாளியின் உழைத்த நேரம் குறையக் கூடாது, கூட்டலும் குறைத்தலும் ஈடாக வேண்டும் என்பது அங்கேயும் நிபந்தனை. இந்த ஆலையில் வரும்போது மேலே ஏற்றினார்கள், போகும்போது கீழே இறக்கினார்கள். இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் லாபம். இந்த இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை.

முதல் முடிவு: உடனே போய்க் கேட்பதில்லை

லைனில் இருந்த இளம் பெண்கள் சிலர் அன்றைக்கே எல்லோரும் சேர்ந்து எச்.ஆர். அறைக்குப் போகலாம் என்றார்கள். நியாயமான கோபம். ஆனால் கையில் எதுவும் இல்லை. இயந்திரத்தின் பதிவு அவர்களிடம், நினைவு நம்மிடம். அந்த நிலையில் பேசப் போனால் "சிஸ்டம் சொல்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பதிவுகள் அப்படியே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஆகவே முதலில் சொந்தக் கணக்கு என்று முடிவானது.

டிசம்பர் நடுவில் தொடங்கி மூன்று வாரம், ஏழு பேர், ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. உள்ளே செல்போன் இல்லை, கைக்கடிகாரமும் கட்டக் கூடாது. ஆனால் விரல் வைக்கும்போது இயந்திரத்தின் திரையில் நேரம் தெரியும். அதை மனதில் வைத்து, வெளியே வந்ததும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஐந்து கட்டம்: பஸ் வாசலுக்கு வந்த நேரம், காலை விரல் வைத்த நேரம், லைன் கூட்டம் தொடங்கிய நேரம், மதியம் வேலையை ஒப்படைத்த நேரம், விரல் வைத்து வெளியேறிய நேரம்.

நான் வற்புறுத்தியது மூன்றை மட்டும். அன்றைய கணக்கை அன்றே எழுத வேண்டும். மறந்துபோன கட்டத்தை வெறுமையாக விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. அடுத்தவர் நேரத்தைப் பார்த்து எழுதக் கூடாது. வெறுமையான கட்டங்கள் உள்ள நோட்டைத்தான் அதிகாரி நம்புவார். எல்லா நாளும் 5.50, 2.45 என்று சீராக இருக்கும் நோட்டை ஒரே இரவில் எழுதியது என்பார்கள். ஒருவர் தினமும் "2.45" என்றே எழுதியிருந்தார். அவருடைய நோட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஆனால் அது மற்ற ஆறையும் கெடுத்துவிடும்.

இன்னொரு சாட்சி ஆலைக்குள்ளேயே இருந்தது. கம்பெனி பஸ் வாசலுக்குள் நுழையும் நேரத்தைக் காவலர் ஒரு பதிவேட்டில் எழுதுகிறார். அது நமக்குக் கிடைக்காது, ஆனால் இருக்கிறது என்பதும், யார் எழுதுகிறார் என்பதும் மனுவில் சேர்ந்தது. பஸ் ஓட்டுநரைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்ற யோசனையை அந்த அக்காவே மறுத்துவிட்டார். "அந்தண்ணா பொழைப்புல கை வைக்கக் கூடாது சார்" என்றார். சரியான முடிவு, பதிவேடு இருக்கும்போது ஓட்டுநர் தேவையில்லை.

இரண்டாவது முடிவு: எதைக் கேட்பது, எதை விடுவது

வெளியேறும்போது பெண்களைச் சோதனையிடும் வரிசையில் பத்து நிமிடம் போகிறது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் இல்லை. இவையும் கம்பெனிக்காகச் செலவாகும் நேரம்தான். ஆனால் இவற்றுக்கு எந்தப் பதிவும் இல்லை, சட்டவாதமும் நீளும். பணமாகக் கேட்பது மூன்றை மட்டும் என்று வைத்துக்கொண்டோம்: தாமதத்துக்கு விகிதத்தை மீறிப் பிடித்தது, காலைக் கூட்டம், மதிய ஒப்படைப்பு. விரல்ரேகை இயந்திரத்தை உடை மாற்றும் அறைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதைக் கோரிக்கையாக மட்டும் எழுதினோம்.

கடிதம் கான்ட்ராக்டருக்கு மட்டும் போகவில்லை. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவுப்படி, கான்ட்ராக்டர் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் மெயின் கம்பெனி அதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இருவருக்கும் அனுப்பினோம். 2024 ஜனவரியில் அனுப்பிய முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "எங்கள் விரல்ரேகைப் பதிவின் மூல நேரங்களைத் தாருங்கள்" என்பது மட்டும். பதிவேடுகளை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்ற சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 13ஏ பிரிவையும் குறிப்பிட்டோம். இதைப் படித்தபின் பதிவை அழிப்பது அவர்களுக்கு எளிதல்ல.

கையெழுத்துகள் வட்டமாகப் போடப்பட்டன. யார் முதலில் போட்டது என்று தெரியாமல் இருக்கத்தான்.

எல்லைச் சிக்கல்

தொழிலாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்நாட்டு முகவரி, தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. முதலில் அவர்கள் போனது எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தொழிலாளர் அலுவலகம். ஆலை ஆந்திரத்தில் இருப்பதால் இங்கே எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான பதில்தான். வேலை செய்த இடம் எந்த மாநிலமோ அங்கேதான் மனு. ஆனால் இப்படி ஒருமுறை திரும்பியவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லையோர ஆலைகளில் பல குறைகள் மனுவாக மாறாமலே போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மனு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தெலுங்குச் சுருக்கம் இணைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் அதிகாரங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த வழியில் ஒரு தெலுங்கு வழக்கறிஞர் கிடைத்தார். அவர் வந்த பிறகுதான் தொழிலாளர்களுக்கு அலுவலகத்துக்குள் போய்ப் பேசும் துணிவு வந்தது.

பிப்ரவரியில் இரண்டு மனு. சம்பளக் குறைவுக்குத் தொழிலாளர் துறையில் ஒன்று, வேலை நேரப் பதிவேட்டுக்காகத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் ஒன்று.

மூலப் பதிவு காட்டியது

ஆய்வாளர் கேட்ட பிறகு மூலப் பதிவு வந்தது. இரண்டு பட்டியல்: இயந்திரம் பதிந்தது, சம்பளத்துக்கு எடுத்தது. அக்காவின் ஒரு நாள் வரியில் இயந்திரம் 5.48, 14.46 என்றது. சம்பளப் பட்டியல் 6.00, 14.30 என்றது. இயந்திரம் எதையும் விழுங்கவில்லை. மென்பொருளில் யாரோ அமைத்த விதிதான் வெட்டியது. ஆறு நோட்டுகளில் ஐந்தின் நேரங்கள் இயந்திரத்தின் நேரங்களோடு ஓரிரு நிமிட வித்தியாசத்துக்குள் பொருந்தின.

ஒரே ஒருவர் வரியில் பொருந்தவில்லை. அவர் நோட்டில் 3.05, 3.10 என்று இருந்த சில நாட்களில் மூலப் பதிவிலேயே சரியாக 14.30 என்று இருந்தது. பக்கத்தில் கையால் திருத்தியதற்கான குறி. ஓ.டி. எல்லையான 3.00ஐத் தாண்டிய நாட்களில் மட்டும் அந்தக் குறி. இது மென்பொருள் விதி அல்ல, ஆள் செய்தது. மூலப் பதிவு கேட்டாலே போதும், நோட்டு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரிகள்தான் பதில். பதிவையே மாற்றியிருந்த நாட்களுக்கு அந்த நோட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் சொன்னது: காலைப் பத்து நிமிடம் வெறும் கூட்டம், உற்பத்தி இல்லை. வழக்கறிஞர் ஒன்றைத்தான் கேட்டார்: வராதவர் பெயரை ஏன் குறித்துக்கொள்கிறீர்கள்? அதற்குப் பிறகு அந்த வாதம் எழவில்லை. கூட்டத்துக்கு வராவிட்டால் நடவடிக்கை உண்டு என்றால் அது வேலை நேரம்.

முடிவு

2024 ஏப்ரலில் உடன்பாடு கையெழுத்தானது. விகிதத்தை மீறிப் பிடித்த தொகை முழுவதும் திரும்பியது. காலை, மதிய நிமிடங்களுக்கு ஆறு மாத நிலுவை இரட்டைச் சம்பளக் கணக்கில் கிடைத்தது. சாதாரணச் சம்பளம் தருகிறோம் என்றுதான் நிர்வாகம் தொடங்கியது. வாரம் 48 மணி என்ற வரியைக் காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டது. மென்பொருளில் முழுமைப்படுத்தும் விதி நீக்கப்பட்டது. சீட்டில் மணியும் நிமிடமும் வர ஆரம்பித்தன. இயந்திரம் இடம் மாறவில்லை. ஆனால் பஸ் தாமதமானால் வாசல் பதிவேட்டு நேரமே வருகை நேரம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சட்டப்படி 12 மாதத்துக்குக் கேட்டிருக்கலாம். பத்து மடங்கு வரை ஈட்டுத்தொகை விதிக்கவும் அதிகாரிக்கு உரிமை இருந்தது. பெரும்பாலானோர் ஆறு மாதத்தோடு ஒப்புக்கொண்டதற்குக் காரணம், கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் நெருங்கியிருந்தது. வேறு கான்ட்ராக்டர் வந்தால் யார் பொறுப்பு என்று இழுபடும், வேலையும் போகலாம் என்று பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. மே மாத ஆட்கள் பட்டியலில், கடிதத்தில் கையெழுத்திட்ட இருவரின் பெயர் இல்லை. ஒருவர், மெயின் கம்பெனிக்கு எழுதிய பிறகு திரும்ப எடுக்கப்பட்டார். மற்றவர் அந்த அக்கா. அவர் திரும்பவில்லை. உடன்பாட்டிலும் அவர் கையெழுத்திடவில்லை. 12 மாதத்துக்கும் தனியாக மனு போட்டார்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதச் சீட்டுகளில் சிலருக்கு அரைமணிக்குப் பதில் 45 நிமிடம் கழிக்கப்பட்டிருந்தது. இப்போது சீட்டில் நிமிடம் தெரிவதால் அதே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். கடிதம் எழுதியதும் சரிசெய்யப்பட்டது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறக்கும் என்பதை எதிர்பார்த்துத்தான் நோட்டு எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

இன்று இதே நிலை வந்தால் மாறக்கூடியவை

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு 2019 நடைமுறைக்கு வந்துவிட்டது. கேட்பு மனுவுக்கான காலம் மூன்று ஆண்டு. வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் அதிலும் இருக்கின்றன. சம்பளச் சீட்டு தருவது வேலை தருபவரின் கடமை. ஆகவே கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் தேதிக்குப் பயந்து அவசரமாக ஒப்புக்கொள்ள வேண்டிய நெருக்கடி இப்போது குறைவு. வேலையில் இருக்கும்போது கணக்கைச் சேர்த்து வைத்து, பிறகுகூடக் கேட்கலாம்.

உடன்பாட்டில் பழிவாங்கலுக்கு எதிரான வரி ஒன்று இருந்தது. ஆனால் அது "பாதிப்பு ஏற்படுத்தக் கூடாது" என்று பொதுவாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த மூன்று மாதப் பட்டியலில், கடிதத்தில் கையெழுத்திட்டோர் பெயர் அனைத்தும் இருக்கும் என்று பெயரோடு எழுத வைத்திருந்தால் அந்த இருவரின் வேலையைக் காப்பது எளிதாக இருந்திருக்கும். பணத்தைப் பற்றிய வரிகளுக்கு நடந்த பேரத்தில் பாதியாவது இந்த ஒரு வரிக்கு நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

இடம் மாறாத இயந்திரம் இன்னும் பிரச்சினைதான். உடை மாற்றும் வரிசையில் போகும் நிமிடங்கள் இன்றும் கணக்கில் இல்லை. லைனில் இருக்கும் பெண்கள் இப்போது நோட்டில் ஆறாவது கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: வாசலில் செல்போன் ஒப்படைத்த நேரம். ஒப்படைப்புச் சீட்டில் காவலர் நேரம் எழுதுவதால் அதற்கும் கம்பெனி கையெழுத்திலேயே சாட்சி இருக்கிறது. அடுத்த மனுவை அதை வைத்துத்தான் தயாரிக்கிறோம்.